பறம்பின் உச்சியிலிருந்து ஒரு கண்மாய்

செட்டிநாட்டுக்கு வெளியூர் நண்பர்கள் வந்தால் அவர்களுக்கு என்று ஒரு தடம் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறோம். கானாடுகாத்தானில் பெரிய வீடுகள், ஆத்தங்குடியில் கல் வார்க்கும் பட்டறை, காரைக்குடியில் பழம்பொருள் கடைகள், மத்தியானம் இலை போட்டுச் சாப்பாடு. அதோடு ஊர் முடிந்தது என்று கிளம்பிவிடுவார்கள். "ஏறுவதற்கு மலை ஏதாவது உண்டா?" என்று கேட்பவர்கள் அபூர்வம். கேட்டால் உள்ளூர்க்காரர்களுக்கே கொஞ்சம் யோசனை வந்துவிடும். பிறகு குன்றக்குடியைச் சொல்வார்கள். குன்றக்குடி அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் காலைக் காபியைக் குடித்துவிட்டு ஏறினால் இட்லி ஆறுவதற்குள் இறங்கிவிடலாம். மூச்சு வாங்க ஏற வேண்டும், உச்சியில் நின்று கீழே தண்ணீரைப் பார்க்க வேண்டும், போன வழியே திரும்பாமல் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும் என்றால் வடமேற்கு ஓரத்துக்கு, பிரான்மலைக்குத்தான் போக வேண்டும்.

காரைக்குடியிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். திருப்பத்தூர் வழியாகச் சிங்கம்புணரி, அங்கிருந்து இன்னும் சற்றுத் தூரம். உயரம் கிட்டத்தட்ட 2,500 அடி. கொடைக்கானல் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்தப் பக்கத்துச் சமவெளியில், செம்மண்ணும் பொட்டலும் கண்மாயுமாகக் கிடக்கிற தரையில் திடுமென்று எழுந்து நிற்கிற மலைக்கு 2,500 அடி ரொம்பவே அதிகம். சிங்கம்புணரியில் சாலை ஓரமெல்லாம் தேங்காய் மஞ்சி காய்ந்துகொண்டிருக்கும், கயிறு திரிக்கிற ஊர் அது. அந்த மஞ்சிக் குவியலுக்கு மேலேயே மலை தெரியத் தொடங்கிவிடும். பிறகு எந்தத் திருப்பத்தில் திரும்பினாலும் விடாது, இடது கண்ணாடியில் மறைந்தால் வலது கண்ணாடியில் வந்து நிற்கும்.

இதுதான் பாரியின் பறம்புமலை என்று அறிஞர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். பாரி இறந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு வெளியேறிய கபிலர், திரும்பித் திரும்பிப் பார்த்துப் பாடிய பாடல்கள் புறநானூற்றில் வரிசையாக இருக்கின்றன. அதில் 114-ஆம் பாட்டு, இங்கே நிற்பவர்களுக்கும் தெரியும், கொஞ்ச தூரம் போய் நிற்பவர்களுக்கும் தெரியும் அந்தக் குன்று என்று தொடங்கும். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றியது. சிங்கம்புணரிச் சாலையில் ஒரு முறை போய்விட்டால் அந்தச் சந்தேகம் இருக்காது.

நாங்கள் மூன்று பேர். நான், என் சித்தப்பா, கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கிற அண்ணன் மகன். சித்தப்பாவுக்குத் திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாய்ப் பாசனத்தில் நிலம். நடையென்றால் வரப்பு நடைதான், 'டிரெக்கிங்' என்ற சொல்லே அவருக்குக் காமெடி. "ஏறிட்டு எறங்கப் போறோம். அதுக்கு எதுக்கு ஒரு பேரு?" தை பிறந்து பொங்கல் விடுமுறை இன்னும் முடியவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. கண்மாயெல்லாம் நிறைந்து கிடந்தது. அதனால்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தோம். சித்திரையில் இதே மலையில் ஏறினால் கீழே காய்ந்த சேற்று வெடிப்பைத்தான் பார்க்கலாம்.

அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில். சம்பந்தர் பாடிய தலம். கீழே பாதாளம், நடுவில் பூலோகம், மேலே கைலாசம் என்று மூன்று அடுக்கு. மேல் அடுக்கில் குடைவரையில் மங்கைபாகரும் தேனம்மையும் திருமணக் கோலத்தில் இருக்கிறார்கள். குன்றக்குடி ஆதீனத்தின் நிர்வாகம். காலைப் பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது, கூட்டமில்லை. கோயிலைப் பற்றி எழுத வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் ஒரு கல்வெட்டைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

வரலாற்று ஆய்வாளர்களிடையே பிரான்மலை பேர் வாங்கியதே இந்தக் கல்வெட்டால்தான். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவும் மற்ற வணிகர்களும் கூடி, தாங்கள் விற்கிற சரக்குகளில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று கோயிலுக்குத் தருவதாக முடிவெடுத்திருக்கிறார்கள். அந்தச் சரக்குப் பட்டியலைப் படித்தால் தலை சுற்றும். உப்பு, நெல், பாக்கு, மிளகு, சுக்கு, இரும்பு, பருத்தி, நூல், மெழுகு, தேன், சந்தனம், அகில், பட்டு, பன்னீர், கவரிமயிர், அப்புறம் குதிரை, யானை. இன்றைக்கு ஒரு நாளில் சில பேருந்துகளே வந்து போகிற ஊர் இது. கவரிமயிர் ஏற்றிய பொதிமாடு இந்தத் தெருவில் நின்றிருக்கிறது என்று அண்ணன் மகனிடம் சொன்னேன். அவன் அப்போது கைக்கடிகாரத்தில் எத்தனை அடி ஏறுகிறோம் என்று கணக்கெடுக்க ஏதோ தட்டிக்கொண்டிருந்தான்.

கோயிலை ஒட்டிப் பாதை கிளம்புகிறது. முதலில் மரங்கள், ஆடு போகிற தடம், கொஞ்சம் மண். அப்புறம் பாறை. கால்கள் பட்டுப் பட்டு வழுவழுவென்று ஆகிப்போன பாறை, அதுதான் பாதை என்பதற்கு அடையாளமும். இரு பக்கமும் ஆவாரை, சூரைமுள், உசிலை. வெயில் ஏறுவதற்குள் பாதி தூரம் போய்விட வேண்டும் என்று ஆறரைக்கே தொடங்கியிருந்தோம். கடினமான ஏற்றம் என்று சொல்ல மாட்டேன். கயிறு, கைப்பிடி எதுவும் தேவையில்லை. ஆனால் தொடர்ந்து ஏற்றம். மூச்சு வாங்கி நிற்க வேண்டிய இடங்களில் நிழல் இருக்காது, நிழல் இருக்கிற இடங்களில் குரங்கு இருக்கும். கையில் பிளாஸ்டிக் பை தெரிந்தால் போச்சு. எங்கள் சீப்புச் சீடைப் பொட்டலம் முதல் திருப்பத்திலேயே கைமாறிவிட்டது. சித்தப்பாவின் மாவுருண்டை துண்டில் முடிந்திருந்ததால் தப்பியது.

பாதி ஏற்றத்தில் ஒரு பாறைக் குழியில் தண்ணீர். சுனை என்று சொல்ல வேண்டும், ஆனால் எங்கள் வீட்டு அண்டாவை விடப் பெரிதில்லை. தெளிவாக இருந்தது. அடியில் உசிலை இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கறுத்துக் கிடந்தன. மேலே ஒரு நீர்ப்பூச்சி கோடு போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்.

"எங்கேருந்து வர்றீக தாயி?"

"காரைக்குடி ஆத்தா. மேல போறோம். இந்தத் தண்ணி எது வரைக்கும் கெடக்கும்?"

"பங்குனி வரைக்கும் கெடக்கும். மேல ஏற ஏற இன்னும் இருக்கு. இந்த வருசம் மழ நல்லா பேஞ்சிருச்சுல்ல. ஆட்டுக்குத் தண்ணி காட்ட கீழ எறங்க வேண்டியதில்ல."

மலை வானம் போன்றது, அதன் சுனைகள் வானத்து மீன்கள் போன்றவை என்று கபிலர் பாடியதும் இந்த மலையைத்தான். மூவேந்தரும் முற்றுகை இட்டு நிற்கிறார்கள், அவர்களிடம் சொல்கிறார்: நீங்கள் எத்தனை நாள் சுற்றி வளைத்து நின்றாலும் உள்ளே இருப்பவர்களுக்குப் பட்டினி இல்லை, உழவர் உழாமலே இங்கு நான்கு விளைகின்றன. மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். புகழ்ச்சி என்று நினைத்தால் புகழ்ச்சி. எனக்கு அது முற்றுகைக்கால இருப்புக் கணக்கு மாதிரித்தான் படுகிறது. உணவு நான்கு வகை, தண்ணீருக்குச் சுனை. ஆடு மேய்க்கிற அந்த அம்மாவும் ஏறக்குறைய அதே கணக்கைத்தான் சொன்னார்.

உச்சிக்குப் போய்ச் சேர எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. மேலே ஷேக் அப்துல்லா ஒலியுல்லாவின் தர்கா. கீழே சிவன் கோயிலில் திருநீறு பூசிக்கொண்டு கிளம்புகிறவர்கள் பலர் இங்கே வந்து சர்க்கரை வைத்துப் பாத்தியா ஓதச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். இந்தப் பக்கத்தில் இதை யாரும் ஒரு செய்தியாகச் சொல்வதில்லை. சித்தப்பா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உள்ளே போனார், வந்தார், மாவுருண்டையைப் பிரித்தார்.

மேற்கே நத்தம் பக்கத்து மலைகள் நீலமாக அடுக்கடுக்காகத் தெரிந்தன. கிழக்கே ஒன்றுமில்லை, கடல் வரைக்கும் தரைதான். அந்தத் தரை முழுக்கத் தண்ணீர் துண்டு துண்டாக மின்னிக்கொண்டிருந்தது. அண்ணன் மகன் எண்ணத் தொடங்கி, புகைமூட்டத்தில் எது கண்மாய் எது வயல் என்று புரியாமல் விட்டுவிட்டான். நேர் கீழே, மலைக்கு மிக நெருக்கத்தில் இருந்த கண்மாய் மட்டும் கரையும் மரமுமாகத் துல்லியமாகத் தெரிந்தது.

அதன் வடிவத்தைப் பார்த்தவுடன்தான் எனக்குப் புறநானூற்றின் 118-ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. மொத்தமே ஐந்து அடி. "எண்நாள் திங்கள் அனைய கொடுங்கரைத் தெண்ணீர்ச் சிறுகுளம்" என்று வரும். எட்டாம் நாள் நிலாவைப் போல வளைந்த கரை உடைய, தெளிந்த நீர்ச் சிறுகுளம். கீழே கிடந்ததும் சரியாக அதுதான். மலைப்பக்கம் தண்ணீர் கன்னாபின்னாவென்று விளிம்பு கட்டியிருந்தது. பள்ளம் எதுவரை போகிறதோ அதுவரை தண்ணீர். எதிர்ப்பக்கம் மனிதர் போட்ட கரை, வில்லாக வளைந்து பனைமரங்களோடு. இரண்டும் சேர்ந்து பாதி நிலா. கரைமேல் நடக்கிறவனுக்கு இந்த வடிவம் தெரியவே தெரியாது. அவனுக்கு ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், முன்னால் வளைகிற ஒற்றையடிப் பாதை, அவ்வளவுதான். கபிலர் இந்த வரியை மலையில் நின்று பார்த்த கண்ணோடுதான் எழுதியிருக்க வேண்டும் என்பது என் துணிபு. ஆதாரம் கேட்டால் ஏறிப் பாருங்கள் என்பதுதான் பதில்.

சித்தப்பாவிடம் அந்தப் பாட்டைச் சொன்னேன். தொடக்கத்தில் 'அறையும் பொறையும் மணந்த தலைய' என்று இருக்கிறது, பாறையும் குன்றும் சேர்ந்த தலைப்பு என்று பொருள் சொன்னேன். அவர் எழுந்து விளிம்புக்குப் போய்ப் பார்த்தார்.

"சரியாத்தான் சொல்லியிருக்கான். கரையோட ரெண்டு முனையையும் பாரு. அங்க ஒரு பாறை, இங்க ஒரு மேடு. ரெண்டையும் பிடிச்சு நடுவுல மண்ணக் கொட்டியிருக்கான். வேற எங்க போட்டாலும் இதுக்கு ரெண்டு மடங்கு மண்ணு வேணும். முனை பாறையில முட்டிக்கிட்டா அந்தப் பக்கம் அரிக்காது."

"ஏன் தாத்தா வளைச்சுப் போடணும்? நேரா போட்டா தூரம் கம்மிதானே?" என்றான் அண்ணன் மகன்.

"நேரா போட்டா தண்ணி எங்கடா நிக்கும்? மேட்ட ஒட்டியே வளஞ்சு போனாத்தான் பள்ளமெல்லாம் உள்வாய்க்குள்ள வரும். தரை எப்படிப் போகுதோ அப்படித்தான் கரை போகும்."

உரையாசிரியர்கள் யாரும் எனக்கு இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அந்தப் பாட்டு புகழ்பாட்டு இல்லை. குளம் உடைந்துபோகிறதே என்பதுதான் அதன் செய்தி. கூரிய வேலும் திரண்ட தோளும் தேர்க்கொடையும் உடைய பாரியின் குளிர்ந்த பறம்பு நாட்டில் அந்தச் சிறுகுளம் உடைகிறது, அவ்வளவுதான் கபிலர் சொல்வது. அரசன் போய்விட்டான், குளத்தைப் பார்க்க ஆளில்லை. பாரி என்றவுடன் நமக்குத் தேரும் முல்லைக்கொடியும்தான் வருகின்றன. ஊர் வளைவுகளில், பாடப்புத்தகப் படங்களில், எல்லாம் அதே தேர். எனக்கு என்னவோ அந்தத் தேர்க் கதையில் அவ்வளவு ஒட்டுதல் வந்ததில்லை. கொடிக்கு ஒரு கொம்பு நட்டாலே போதுமே என்று சின்ன வயதிலேயே தோன்றியது, சொன்னதற்கு வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். ஆண்டுதோறும் கரை உடையாமல் பார்த்துக்கொண்ட பாரியை, அவன் இல்லாமல் போனதும் உடைந்த கரையை வைத்து எனக்குப் புரிகிறது. ஒரு தலைவன் போனதை ஒரு குளத்தின் கரையில் அளந்து சொன்ன இந்தப் பாட்டுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருக்கலாம்.

இறங்கும்போது வந்த வழியை விட்டுவிட்டோம். பாதிக்குக் கீழே ஆட்டுத்தடம் ஒன்று பிரிந்து அந்தக் கண்மாய்ப் பக்கம் இறங்குகிறது. செங்குத்து இல்லை, ஆனால் சரளை சறுக்கும். ஏற்றத்தில் மூச்சு, இறக்கத்தில் முட்டி. சித்தப்பா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய்விட்டார். விலை உயர்ந்த காலணி போட்டிருந்த இளைஞன் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தான்.

வழியில் ஓர் இடத்தில் பாறை மேல் வெள்ளையாக, பட்டையாக நீர் வழிந்த தடம். மழை நாளில் மலையின் இந்த முகத்தில் விழுவதெல்லாம் அந்தத் தடத்தில் இறங்கி, கீழே ஓடையாகி, வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்குப் போகிறது. பாறை ஒரு சொட்டையும் குடிப்பதில்லை, வந்ததை அப்படியே கீழே தள்ளிவிடும். மலையை ஒட்டிய கண்மாய் முதலில் நிறையும். அது நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய், அது நிறைந்தால் அதற்கடுத்தது. உச்சியிலிருந்து துண்டு துண்டாகத் தெரிந்ததெல்லாம் ஒரே சங்கிலி.

கண்மாயில் தண்ணீருக்கு நடுவே இரண்டு கல்தூண்கள், இடையில் குறுக்குக் கற்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மூழ்கிப்போன ஏதோ மண்டபத்தின் வாசல் என்று நினைப்பீர்கள். அது குமிழித்தூம்பு. ஒரு நீர்க்காகம் மேல் கல்லில் இறக்கையை விரித்துக் காயப்போட்டிருந்தது. தூண்களுக்குக் கீழே, அடியில், துளையிட்ட கல்லும் அதை அடைக்கிற குமிழிக் கல்லும் இருக்கும். பாசனத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு ஆள் நீந்திப் போய், மூழ்கி, அந்தக் குமிழியைத் தூக்க வேண்டும். மேல் துளை நீரோடி, அதன் வழியே தெளிந்த தண்ணீர் போகும். அடியில் சேறோடி. அதன் வழியே வண்டல் தண்ணீரோடு சேர்ந்து வெளியேறி வயலுக்கே போய்விடும். தண்ணீரும் எருவும் ஒரே கதவில். பாண்டிய நாட்டுக் கண்மாய்களில் இத்தகைய தூம்புகள் பல நூற்றாண்டுப் பழமையோடு இன்னும் நிற்கின்றன. பக்கத்திலேயே இரும்புத் திருகு வைத்த சிமெண்டு மடை ஒன்றும் இருந்தது. இப்போது வேலை செய்வது அதுதான். திருகில் துரு.

"எங்க கண்மாயில எங்க அய்யா காலத்துல ஒரு நீர்பாய்ச்சி இருந்தாரு. அவரு முங்கினா நாங்க கரையில நின்னு எண்ணுவோம். நூறு தாண்டும்," என்றார் சித்தப்பா. "அவருக்கு அறுப்புல களத்துலயே நெல்லு அளந்துருவாக. இப்ப அந்தப் பங்கும் இல்ல, ஆளும் இல்ல."

கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கலுங்குக்கு வந்தோம். தண்ணீர் கால் விரல் நனையும் அளவு மறுகால் போய்க்கொண்டிருந்தது. கல் வரிசைக்கு மேலே நட்டுக்கல்கள் நிற்கின்றன. அவற்றுக்கு இடையில் மண்ணை அடைத்து நீர்மட்டத்தைக் கூட்டுவார்கள். அப்படி அடைப்பதைப் பற்றித்தான் ஊருக்கு ஊர் சண்டை. மேல் கண்மாய்க்காரன் அடைத்தால் கீழ்க் கண்மாய்க்காரனுக்குத் தண்ணீர் தாமதம். கீழ்க் கண்மாய் மேலும் நிறைந்தால் மேல் கண்மாயின் வயல் மூழ்கும். சித்தப்பா அந்தச் சண்டைகளைச் சொல்லத் தொடங்கினால் நிற்காது. இரண்டு ஊர்கள் சம்பந்தம் செய்துகொள்வதை நிறுத்தியது வரை போகும்.

2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பேரிலேயே கண்மாய் தூர்வாரும் திட்டம் கொண்டுவந்தது. பழைய நாளில் குடிமராமத்து என்றால் ஊரே வீட்டுக்கு ஓர் ஆளாக இறங்கிக் கரைக்கு மண் போடுவது. 1858-இல் கம்பெனி அரசு அதையும் விட்டுவைக்காமல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைப் போட்டது. ஊர் தானாகச் செய்துகொண்டிருந்ததற்குத் தண்டனைப் பிரிவு வந்தது. 2017-இல் வந்த திட்டத்தின் வேலையில் சித்தப்பாவின் ஊர்க் கண்மாய்க்குக் கரை உயர்ந்தது, அதில் அவருக்குத் திருப்தி. ஆனால் வரத்துக்காலில் யாரோ மனைப்பிரிவுக் கல் நட்டுவிட்டார்கள், அதைக் கேட்க ஆளில்லை. "பானைய நல்லா வெளக்கி வச்சிட்டு, குழாய அடச்ச கதை," என்றார்.

வயலோரமாக வண்டிப்பாதையில் நடந்து, ஒரு தென்னந்தோப்பைக் கடந்து, தார்ச்சாலை பிடித்து மலையைச் சுற்றிக்கொண்டு கோயில் வாசலுக்கு வர மத்தியானம் ஆகிவிட்டது. ஏறியதைவிட இந்தச் சுற்றுதான் நீளம். வெயிலில் தார்ச்சாலை நடை சலிப்பு, அந்தப் பகுதியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அறுப்பு இயந்திரம் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் பேருந்து ஒன்று ஒலி எழுப்பிக்கொண்டே இருந்தது.

திரும்பும்போது நேரம் இருந்தால் திருப்பத்தூரை அடுத்த கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்க்கும் போங்கள். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் அதுதான். இதே மழை, இதே மாதங்கள், இதே கண்மாய்த் தண்ணீர். அதை நம்பித்தான் நத்தைகுத்தி நாரைகளும் கொக்குகளும் வந்து கூடு கட்டுகின்றன. பறவைகள் பயப்படும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளுக்கு மத்தாப்பு மட்டும்தான்.

போகிறவர்களுக்கு: மார்கழியிலிருந்து மாசிக்குள் போய்விடுங்கள், கீழே தண்ணீர் இருக்கும், மேலே வெயில் தாங்கும். விடிந்தவுடன் ஏறத் தொடங்குங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கண்டிப்பாக வேண்டும், உச்சியில் கடை கிடையாது. மழை பெய்து இரண்டு நாளாவது ஆகியிருக்க வேண்டும், ஈரப் பாறையில் ஏறாதீர்கள். ஆட்டுத்தடத்தில் இறங்குவதாக இருந்தால் உள்ளூர் ஆள் ஒருவரைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள், தடங்கள் பிரியும். சோற்றைத் துணியில் கட்டிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பை சரசரத்தால் குரங்குக்கு எவ்வளவு தூரத்திலிருந்தும் கேட்டுவிடும்.

அண்ணன் மகனின் கைக்கடிகாரம் மொத்தம் எத்தனை அடி ஏறினோம் என்று ஒரு கணக்குச் சொன்னது. சித்தப்பா அதை நம்பவில்லை. கண்மாய்க் கரையை அது எண்ணியிருக்காது என்கிறார்.